மொம்பாசாவில் ஆறு நாள் வேலைப் பயணம்: கிடைக்கிற நேரத்தில் எதைப் பார்க்கலாம்?

அட்டன்_டீமேக்கர்

எல்லாருக்கும் வணக்கம். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டீமேக்கராக, அதாவது பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கிறவனாக இருக்கிறேன். ஆகஸ்ட் நடுவில் கம்பெனி என்னைக் கென்யாவில் இருக்கிற மொம்பாசாவுக்கு அனுப்புது. கென்யா மட்டும் இல்லாமல் உகண்டா, ருவாண்டா, புருண்டித் தேயிலைத் தூளும் அங்கேதான் ஏலத்துக்கு வருது. புரோக்கர் ஒருத்தரோட டேஸ்டிங் அறையில் உட்கார்ந்து சி.டி.சி. தூளை (கொழுந்தை மெஷினில் நசுக்கி, கிழிச்சு, சுருட்டிச் செய்றது) படிச்சிட்டு வரணும் என்பது வேலை.

சனி மாலை இறங்குறேன். திங்கள் முதல் வியாழன் வரை காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரை டேஸ்டிங், பிளெண்டிங் ஸ்டோர், துறைமுகம். வெள்ளி இரவு திரும்பும் விமானம். ஆக ஞாயிறு முழு நாளும், வெள்ளிப் பகலும், வேலை முடிஞ்ச மாலைகளும் எனக்கு.

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், எங்க அம்மா எட்டு வருஷம் குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்தாங்க. அந்த ஊரில் என்ன பார்த்தீங்க என்று கேட்டால் ஒரு குசினி, ஒரு மொட்டை மாடி, அவ்வளவுதான் சொல்லுவாங்க. நம்ம மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் இதே பதில்தான் வரும். நான் ஹோட்டல் அறையையும் சாம்பிள் கோப்பையையும் மட்டும் பார்த்துட்டு வர விரும்பலை. அங்கே போனவங்க யாராவது இருந்தால் சொல்லுங்க. எதைப் பார்க்கணும், எதை விடணும், தனியா நடக்கலாமா?

மஸ்கெலியா_மைந்தன்

கென்யா போய் சிங்கம் பார்க்காமல் வந்தால் ஊரில் யாரும் பேசமாட்டாங்க மச்சான்! ஞாயிறு ஒரு நாளில் மசாய் மாரா போயிட்டு வந்துடு. வாழ்க்கையில் ஒரு தரம்தான் கிடைக்கும்.

கிளிண்டினி_காற்று

தம்பி, பண்டாரவளைக்காரன் நான். மொம்பாசாவில் டீ ஸ்டோர் ஒன்றில் நாலு வருஷம் வேலை செஞ்சேன். மைந்தன் தம்பி ஆசையில் சொல்றார், ஆனால் மாரா நாட்டோட மறு கோடியில், தன்சானியா எல்லையில் இருக்கு. அதை ஒரு நாளில் போய்வர நினைக்கவே வேண்டாம்.

முதலில் உங்க கணக்கில் ஒரு பிழை. மாலை உங்களுக்கு இருக்கு என்று எழுதியிருக்கீங்க. இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், வருஷம் முழுக்க ஆறரை வாக்கில் இருட்டிடும். 5 மணிக்கு வேலை முடிஞ்சு, நெரிசலில் ஹோட்டல் வந்து சேர்ந்தால் வெளிச்சம் அரை மணி நேரம்தான் மிச்சம். அதோட அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே இரவு எட்டரை என்றால் உங்க உடம்புக்குப் பதினொரு மணி. கண் சொருகும்.

அதையே திருப்பிப் பாருங்க. டீமேக்கர் என்றால் விடியக் காலை நாலரைக்கெல்லாம் எழும்புற ஆள்தானே? அந்த நேரம் அங்கே ராத்திரி 2 மணி. எவ்வளவு இழுத்துப் போர்த்தினாலும் 4, 5 மணிக்கு முழிப்பு வந்துடும். ஆறே காலுக்கு விடியுது, வேலை 9 மணிக்கு. தினமும் இரண்டரை மணி நேரம் சும்மா கிடைக்குது. அதுவும் வெயில் ஏறாத, கூட்டம் இல்லாத நேரம். வேலைக்காகப் போறவங்க எல்லாரும் மாலையை நம்பி ஏமாந்து போறாங்க. நீங்க காலையைப் பிடிங்க.

அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது பழைய நகரம். மொம்பாசா ஒரு தீவு தம்பி. விமான நிலையம் மேற்கே பெரிய நிலத்தில் இருக்கு, அங்கேயிருந்து பாலம்போட்ட தரைவழியாத் தீவுக்குள்ளே வரணும். வடக்கே நியாலிப் பாலம், தெற்கே லிக்கோனி பெரி, ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்குக் கடத்துற கப்பல். தீவோட கிழக்கு ஓரத்தில் இயேசு கோட்டை, அதை ஒட்டிப் பழைய நகரம். பவளக்கல் சுவர், செதுக்கு வேலை செஞ்ச மரக்கதவு, ரெண்டு பேர் எதிரெதிரா நடந்தால் தோள் உரசுற சந்து. காலையில் மீன் சந்தை நடக்கும். சந்து முனையில் மஹம்ரி சுடுவாங்க. ஏலக்காய் போட்டுப் பொரிக்கிற பன் மாதிரி ஒன்று. அதுக்குத் தொட்டுக்க முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவச்சுத் தருவாங்க. ருசி நம்ம வாய்க்கு அந்நியமே இல்லை. பித்தளைக் கெண்டியில் இஞ்சி போட்ட கறுப்புக் கோப்பி விற்கிற பெரியவர்களும் வருவாங்க.

தனியா நடக்கலாமா? பகலில் பழைய நகரத்தில் நடக்கலாம். முதல் தடவை மட்டும் கோட்டை வாசலில் அடையாள அட்டை வச்சிருக்கிற வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கிட்டு, காசை முன்னாடியே பேசிக்கங்க. இருட்டின பிறகு எங்கே போனாலும் ஹோட்டலில் சொல்லி வாகனம் எடுங்க. ரோட்டு ஓரத்தில் போனைக் கையில் நீட்டிப் பிடிச்சு நிற்க வேண்டாம். முஸ்லிம்கள் நிறைய வாழ்ற ஊர், முழங்காலுக்குக் கீழே உடுப்பு இருக்கட்டும். வீட்டு வாசலில் இருக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீங்க.

பதுளை_தாதி

இடங்களுக்கு முன்னாடி இதைப் பாருங்க தம்பி, தயவுசெய்து தள்ளிப் போடாதீங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா அந்த நோய் அபாயப் பட்டியலில் இருக்கிற நாடு. அங்கேயிருந்து வர்றவங்ககிட்ட இலங்கை சான்றிதழ் கேட்கும். போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடக்கூடாது. ஊசிக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வரும், ஒரு நாள் லீவு ஒதுக்குங்க. ஒரு தரம் போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அடுத்தது மலேரியா. நம்ம நாட்டில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது. அதனாலேயே நம்ம ஆட்களுக்கு அந்தப் பயம் மறந்துபோச்சு. மொம்பாசாக் கரையில் மலேரியா இருக்கு. மலேரியா தடை இயக்கம் வெளிநாடு போறவங்களுக்குத் தடுப்பு மாத்திரை இலவசமாத் தருது. போறதுக்கு முன்னாடி தொடங்கி, திரும்பி வந்த பிறகும் அவங்க சொல்ற நாள் வரைக்கும் விடாமல் போடணும். ஊருக்கு வந்து நல்லாத்தானே இருக்கேன் என்று நிறுத்துறவங்கதான் மாட்டிக்கிறாங்க. வந்த பிறகு காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று பெனடோல் போட்டுக்கிட்டு லயத்தில் படுத்திருக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போய் "ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்" என்பதை முதல் வார்த்தையாச் சொல்லுங்க. நீங்க சொல்லாவிட்டால் டொக்டருக்கு அது தோணவே தோணாது.

தலவாக்கலை_பயணி

சின்னச் சின்ன விசயம்: கென்யாவில் 2017இலிருந்து பொலித்தீன் பைக்குத் தடை. அம்மா முறுக்கை ஷொப்பிங் பேக்கில் கட்டித் தருவாங்க, விமான நிலையக் கடையிலும் பை தருவாங்க, எல்லாத்தையும் துணிப் பைக்கோ டப்பாவுக்கோ மாத்திடுங்க. நம்ம சதுர மூணு பின் பிளக் அங்கேயும் சரிவரும். வாகனம் நம்மளை மாதிரி இடப்பக்கம். நுழைவு அனுமதியை இணையத்தில் முன்னாடியே எடுக்கணும், கம்பெனியைக் கேளுங்க.

மஸ்கெலியா_மைந்தன்

சரி, மாரா தூரம்தான், ஒத்துக்கிறேன். அப்போ சாவோ தேசியப் பூங்கா? அது மொம்பாசாவுக்குக் கிட்ட என்றுதானே போட்டிருக்காங்க? யானை, சிங்கம் எல்லாம் இருக்கு.

கிளிண்டினி_காற்று

கிழக்குச் சாவோ போகலாம், தப்பில்லை. ஆனால் வொய் வாசல் வரைக்கே 150 கிலோமீட்டர் வரும். துறைமுகத்து லொறி எல்லாம் நைரோபிக்குப் போற ஒரே ரோடு அது. விடிய 4 மணிக்குக் கிளம்பி ராத்திரி திரும்பணும். ஞாயிறு ராத்திரி உடம்பு முறிஞ்சு வந்து படுத்துட்டு, திங்கள் காலை முந்நூறு கோப்பை உறிஞ்சித் துப்பணும். நாக்கு வேலை செய்யாது தம்பி. அனுப்புற கம்பெனிக்கும் நாம நியாயமா இருக்கணும்.

மிருகம் பார்க்கணும் என்றால் ரெண்டு வழி. ஒன்று, ஷிம்பா மலை. பெரியில் தீவைக் கடந்தால் முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். கறுப்பு உடம்பு, பின்னால் வளைஞ்ச நீளக் கொம்போட சேபிள் மான் கென்யாவில் அந்த மலையில் மட்டும்தான் இருக்கு. யானையும் உண்டு. பெரியில் நடந்து போறவங்களுக்குக் காசு இல்லை, ஆனால் அதில் போட்டோ எடுக்கக்கூடாது.

மற்றது, பம்புரியில் ஹாலர் பூங்கா. அது சீமெந்துக் கம்பெனி தோண்டிப் போட்ட கல்குவாரி. 1971இலிருந்து சவுக்கு மரம் நட்டு, மண்ணே இல்லாத பவளப்பாறையைக் காடாக்கினாங்க. ஒட்டகச்சிவிங்கிக்கு உங்க கையாலேயே தீனி கொடுக்கலாம். 2004 சுனாமி நேரத்தில் மாலிந்திப் பக்கம் தாயைப் பிரிஞ்சு கடலில் தத்தளிச்ச நீர்யானைக் குட்டியைக் காப்பாத்தி இங்கேதான் கொண்டுவந்தாங்க. அது நூறு வயசு தாண்டிய கிழட்டு ஆமையை அம்மாவா நினைச்சு ஒட்டிக்கிட்டுப் படுத்திருந்ததை உலகமே பார்த்தது. மட்டக்களப்பு, முல்லைத்தீவுக் கரையை அடிச்ச அதே அலைதான் தம்பி அங்கேயும் போய்ச் சேர்ந்தது. அந்த இடத்தில் நின்ன அன்றைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை.

நாவலப்பிட்டி_வரலாறு

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை நான். கென்யாவுக்குப் போனதில்லை. ஆனால் தம்பி போகும் ஊரைப் பற்றிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு போனால் அந்த ஊர் உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும்.

இயேசு கோட்டையைப் போர்த்துக்கேயர் 1593 முதல் 1596 வரை கட்டினார்கள். நம் நாட்டில் கொழும்பை 1656இலும் யாழ்ப்பாணத்தை 1658இலும் ஒல்லாந்தரிடம் இழந்த பிறகும், மொம்பாசாவை மேலும் நாற்பது ஆண்டுகள் வைத்திருந்தார்கள். ஓமான் அரபுகள் 1696இல் முற்றுகையிட்டு 1698 இறுதியில்தான் பிடித்தார்கள். கோட்டைக்கு உதவிக்கு வந்து 1697இல் அதன் எதிரிலேயே மூழ்கிய போர்த்துக்கேயக் கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றைக் கட்டாயம் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கோட்டை சிறைச்சாலையாகவும் இருந்தது. 2011இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

மற்றது தொடருந்துப் பாதை. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரைக்கும் ஆங்கிலேயர் 1896இல் தொடங்கி 1901இல் பாதையை முடித்தார்கள். வேலைக்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்திலிருந்து, ஏறத்தாழ 32,000 பேரை ஒப்பந்தத்தில் கொண்டுபோனார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது 1898இல் இரண்டு சிங்கங்கள் தொழிலாளர் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போன கதையைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றவை நோயும் விபத்தும்.

எங்கள் ஊருக்குக் கோச்சி 1874இல் வந்தது. நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. அந்தத் தண்டவாளத்துக்குப் பாறை உடைத்தவர்கள் யார் என்று நம் வகுப்புகளில் பிள்ளைகள் கேட்டதில்லை, நாங்களும் விரிவாகச் சொன்னதில்லை. ஒரே அரசு, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சாவோவைச் சிங்கத்துக்காக மட்டும் பார்க்காதீர்கள்.

கிளிண்டினி_காற்று

டீச்சர் சொன்னதைப் படிச்ச பிறகு ஒரு யோசனை. தம்பி, வெள்ளி இரவு விமானத்தை மொம்பாசாவிலிருந்து எடுக்காமல் நைரோபியிலிருந்து எடுக்க முடியுமா என்று கம்பெனியைக் கேளுங்க. 2017இல் திறந்த புதுப் பாதையில் காலைக் கோச்சி பிடிச்சால் பிற்பகல் நைரோபி. ஐந்தாறு மணி நேரம். பாதை சாவோவுக்கு நடுவாலே போகுது. மேடு கட்டி உயரமாப் போட்டிருக்கிறதால் ஜன்னலில் இருந்தே காடு தெரியும். செம்மண்ணில் புரண்டு சிவந்துபோன யானையைப் பார்க்கிற வாய்ப்பு நல்லாவே இருக்கு. இடப்பக்க ஜன்னல் கேளுங்க, வானம் தெளிஞ்சிருந்தால் கிளிமஞ்சாரோவும் தெரியும். சபாரிக்குக் காசும் இல்லை, முதுகு வலியும் இல்லை.

டிக்கெட்டை ஒரு வாரம் முன்னாடியே எடுத்துடுங்க. ஸ்டேசன் டவுனில் இல்லை, மிரித்தினியில். மோப்ப நாய் வச்சு பேக் எல்லாத்தையும் வரிசையா நிலத்தில் போடச் சொல்லிச் சோதிப்பாங்க. ஒரு மணி நேரமாவது முன்னாடி போங்க.

இன்னொன்று மறந்தேன். சுவாஹிலி நேரம். அவங்க மணியை விடியலிலிருந்து எண்ணுவாங்க. "சா மோஜா" என்றால் வார்த்தைக்கு 1 மணி, ஆனால் அது காலை 7. "சா ம்பிலி" என்றால் 8. டிரைவரோட பேசும்போது எந்தக் கணக்கு என்று கேட்டு உறுதிப்படுத்துங்க. நான் முதல் மாசம் ஒரு கல்யாணத்துக்கே ஆறு மணி நேரம் பிந்திப் போனேன், அந்த வீட்டுக்காரங்க மனசு நொந்துபோனது இன்னும் உறுத்துது.

ஹப்புத்தளை_மூடுபனி

நாழிகையையும் விடியலிலிருந்துதானே எண்ணுவோம் என்று எங்க தாத்தா சொல்லுவார். கேட்கவே சந்தோசமா இருக்கு.

ஆகஸ்டில் போறீங்க என்பதால் ஒரு விசயம் அண்ணே. அங்கே அப்போ வீசுற தென்கிழக்குக் காற்றுக்குக் குசி என்று பேர். அதுதான் பூமத்திய ரேகையைத் தாண்டித் திரும்பி, தென்மேல் பருவக்காற்றாகி நம்மகிட்ட வருது. உங்க அட்டன் பக்கம் மழையைக் கொட்டிட்டு, மலையைத் தாண்டிக் காய்ஞ்ச காற்றா எங்க ஊவாவில் இறங்குது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் ஊவாத் தூளுக்கு அந்த வாசம் வர்றதே அதனால்தான். கோட்டைச் சுவரில் நின்னு அந்தக் காற்று முகத்தில் பட்டால் எங்க கொழுந்தை நினைச்சுக்கங்க. பழைய நகரத்துப் பாய்மரக் கப்பல் எல்லாம் அந்தக் காற்றை நம்பித்தான் அரேபியா, இந்தியா வரைக்கும் வந்துபோனது.

கிளிண்டினி_காற்று

சரியாச் சொன்னீங்க தங்கச்சி. அதே காற்றால் ஆகஸ்டில் கடல் கொந்தளிப்பா இருக்கும். யாராவது படகில் வசினித் தீவுக்கு, பவளப்பாறை பார்க்கக் கூப்பிட்டால் இந்தத் தடவை வேண்டாம். வெயில் மட்டும் அவ்வளவு கொடுமையா இருக்காது.

அட்டன்_டீமேக்கர்

படிச்சுப் படிச்சுக் கண் கலங்குது. எல்லாருக்கும் நன்றி. ஊசிக்கு அடுத்த செவ்வாய் கொழும்பு போறேன். கம்பெனியில் கேட்டேன், நைரோபியிலிருந்து டிக்கெட் மாத்தித் தர ஒத்துக்கிட்டாங்க. விலை வித்தியாசத்தை நான் கட்டுறேன். ஞாயிறு கோட்டையும் பழைய நகரமும், பின்னேரம் ஹாலர் பூங்கா. ஷிம்பாவை விட்டுட்டேன். போயிட்டு வந்து எழுதுறேன்.

மஸ்கெலியா_மைந்தன்

யானை தெரிஞ்சால் முதல் படம் எனக்கு!

அட்டன்_டீமேக்கர்

வந்து ஒன்பது நாள் ஆச்சு. மாத்திரை இன்னும் போடுறேன் அக்கா, காய்ச்சல் எதுவும் இல்லை.

கிளிண்டினி அண்ணே சொன்னது அப்படியே நடந்தது. ஞாயிறு மூணே முக்காலுக்கு முழிப்பு. ஆறு மணிக்கு ஹோட்டல்காரர் ஆட்டோ பிடிச்சுத் தந்தார். அங்கேயும் நம்ம மூணு சில்லு ஆட்டோதான், ஏறி உட்கார்ந்ததும் வெளிநாடு என்ற பயம் பாதி போச்சு. கோட்டை திறக்கும் வரை சந்து சந்தா நடந்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, திங்கள், செவ்வாய், புதன் மூணு காலையும் அதே பழைய நகரத்துக்குத்தான் போனேன். வேற இடம் பார்த்திருக்கலாமே என்று கூட வந்த அதிகாரி கேட்டார். முதல் நாள் கதவுகளைப் பார்த்தேன். ரெண்டாம் நாள் மீன் சந்தையில் ஏலம் போடுற ஆளைப் பார்த்தேன், விரலால் விலை காட்டுறார். மூணாம் நாள் மஹம்ரி சுடுற அம்மா என்னைக் கண்டதும் தட்டை எடுத்து வச்சுட்டாங்க. ஒரு ஊரில் நம்மளை ஒருத்தர் அடையாளம் கண்டுக்க மூணு காலை போதும் என்பது எனக்குத் தெரியாது.

அவங்களுக்கு எங்க பெக்டரி பி.ஓ.பி. ரகத் தூள் நூறு கிராம் கொடுத்தேன். பாலோடு சேர்த்துக் கொதிக்க வச்சாங்க. குடிச்சுப் பார்த்துட்டு, வாசம் நல்லா இருக்கு, நிறம் எங்கே என்று கேட்டாங்க. நாலு நாள் டேஸ்டிங்கில் படிச்சது அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அவங்க சி.டி.சி. பாலுக்குள்ளே போயும் செம்பு நிறமா நிற்குது. நம்ம தூள் சாயத்தண்ணியா, பால் இல்லாமல் குடிக்கிற தூள். அதை அவங்களுக்கு ஊற்றிக் காட்டினேன், இஞ்சி மட்டும் தட்டிப் போட்டு. ரெண்டாவது கோப்பை கேட்டாங்க.

கோட்டைக்குள்ளே மூழ்கின கப்பல் பொருட்களைப் பார்த்தேன் டீச்சர். மேலே சுவரில் நின்னப்ப காற்று நல்லா அடிச்சது, ஊவாவை நினைச்சேன் தங்கச்சி.

ஹாலர் பூங்கா போகலை. ஞாயிறு பின்னேரமே ஸ்டோரைக் காட்டணும் என்று கூப்பிட்டாங்க, வேலைக்குத்தானே அனுப்பினாங்க, போயிட்டேன். அந்த நீர்யானைக் கதை நடந்த இடத்தைப் பார்க்காத வருத்தம் இருக்கு.

வெள்ளி கோச்சி. வொய் தாண்டினதும் செம்மண் தரையில் ஆறு யானை, செங்கல் நிறத்தில். மைந்தன், ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் படம் தெளிவில்லை, அனுப்புறேன். கிளிமஞ்சாரோ மேகத்துக்குள்ளே. சாவோ ஆறு வருது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார், எண்ணுறதுக்குள்ளே பாலம் போயிடுச்சு. பக்கத்தில் பழைய தண்டவாளம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது, புல் மூடிக் கிடக்கு. அதையே பார்த்துக்கிட்டிருந்தேன் டீச்சர்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மஹம்ரி அம்மா பேசினதைச் சொல்லும்போது, அவசரப்பட்ட என்னை "போலே போலே" என்று நிறுத்தினாங்க, மெதுவா மெதுவா என்று அர்த்தம் என்றேன். அம்மா சிரிச்சிட்டு, எனக்குத் தெரியும் என்றாங்க. குவைத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, பக்கத்து வீட்டு மாடியில் வேலை செஞ்ச பொண்ணு சுவர் வழியாப் பேசுவாளாம். மொம்பாசாப் பொண்ணு. பாரமான கூடையை அம்மா தூக்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவாளாம். "அசாந்தே" என்றால் நன்றி என்பதும் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷம் நான் கேட்கவே இல்லை. அந்தப் பொண்ணு பேர் மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை, யோசிச்சுக்கிட்டே இருக்காங்க.